முள்சீத்தா என்று வாங்கினோம், மஞ்சள் சதை வருகிறதே?

பழமரம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை மதுரைப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சீத்தா இனத்து மரங்களைப் பற்றியவை. பெயர்ச்சீட்டில் ஒன்று இருக்கிறது, தோட்டத்தில் காய்ப்பது வேறொன்றாக இருக்கிறது. அவற்றை முன்னால் வைத்துவிட்டு மற்றதைப் பின்னால் எடுத்துக்கொள்கிறோம்.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு கண்காட்சியில் முள்சீத்தா என்று சொல்லிக் கொடுத்த நாற்றை வாங்கி வைத்தோம். செம்மண், போர் தண்ணீர். மரம் 12 அடி வந்துவிட்டது. போன வருடம் முதல் காய்க்கிறது. காய் உருண்டையாக இருக்கிறது. அறுத்தால் சதை மஞ்சள், நார் அதிகம், விழுங்கும்போது லேசாகக் கசக்கிறது. இலை, காய், விதைப் படங்களை அனுப்பியிருக்கிறேன். இது என்ன மரம்? வெட்டிவிடலாமா?
வாசகி, மேலூர்

உங்கள் படங்களில் முதலில் காட்டிக்கொடுத்தது விதைதான். முள்சீத்தாவின் புது விதை கறுப்பாக, எண்ணெய் தடவியதுபோலப் பளபளவென்று இருக்கும். நீங்கள் தட்டில் பரப்பிவைத்திருப்பது வெளிர்பழுப்பு நிறத்தில், கொஞ்சம் உப்பலாக இருக்கிறது. காயைப் பாருங்கள். முள்சீத்தா கோணல்மாணலான இதய வடிவம். மேலே அகலம், கீழே குறுகல், முள் நீளமாக நுனி வளைந்து, இடைவெளி விட்டு நிற்கும். உங்களுடையது பந்துபோல உருண்டை, 15 சென்டிமீட்டர்கூடத் தாண்டவில்லை. முள் குட்டையாக, நெருக்கமாக இருக்கிறது. சதை மஞ்சள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். முள்சீத்தாவின் சதை பஞ்சு வெள்ளை. விதை, வடிவம், சதை மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. இது அன்னோனா மொன்டானா, அதாவது முள்சீத்தாவின் பங்காளி. காட்டு முள்சீத்தா என்று அழைக்கலாம். நீங்கள் வாங்க நினைத்தது அன்னோனா மியூரிகேட்டா.

விற்றவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டும் விதையில் முளைத்து ஓரடி உயர நாற்றாக நிற்கும்போது பளபளப்பான கரும்பச்சை இலையோடு ஒன்றுபோலவே இருக்கும். இலையைக் கசக்கினால் வரும் நெடியும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த வயதில் இலையை வைத்து அடித்துச் சொல்பவரை நம்பாதீர்கள். நாற்று வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: விதை எடுத்த பழத்தின் சதை என்ன நிறம்?

வெட்ட வேண்டாம். காட்டு முள்சீத்தா வறட்சியைத் தாங்கும் முரட்டு மரம், முள்சீத்தாவுக்கு நல்ல வேர்ச்செடி, அதாவது மேலே ஒட்டுவதைத் தாங்கும் அடிச்செடி. ஐந்து வருட வேர் உங்கள் கையில் இருக்கிறது. மேலே உள்ளதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆவணி மாதம் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் மரத்தைச் சாய்வாக அறுங்கள். ஒரே ஒரு பக்கக் கிளையை மட்டும் இலையோடு விட்டுவையுங்கள். மொட்டையாக அறுத்துவிட்டால் வேருக்குச் சாப்பாடு இல்லாமல் பாதி மரங்கள் படுத்துவிடும். அறுத்த வாயில் போர்டோ பசை தடவ வேண்டும். 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு, 1 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து, பிளாஸ்டிக் வாளியிலோ மண் சட்டியிலோ சேர்த்துக் கலக்குங்கள். இரும்புப் பாத்திரம் ஆகாது.

ஐந்தாறு வாரத்தில் அறுத்த இடத்துக்குக் கீழே துளிர்கள் கொத்தாகக் கிளம்பும். திசைக்கு ஒன்றாக நாலு துளிர்களை நிறுத்திக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். ஐப்பசி மழையில் அவை பென்சில் கனத்துக்கு வந்திருக்கும். ஒட்டுக்கட்ட அதுதான் தருணம். காற்றில் ஈரம் இருக்கிறது, வெயில் அடங்கியிருக்கிறது. சித்திரையில் கட்டினால், நல்ல மரத்திலிருந்து வெட்டி ஒட்டும் ஒட்டுக்குச்சி மூன்று நாளில் சருகாகிவிடும்.

ஒட்டுக்குச்சியை, காய்த்துச் சதை வெள்ளை என்று நீங்கள் கண்ணால் பார்த்த மரத்திலிருந்து மட்டும் எடுங்கள். வெட்டுவதற்கு 8 நாள் முன்பே அந்தக் கிளை நுனியில் உள்ள இலைகளைக் காம்பு மட்டும் நிற்கும்படி நறுக்கிவிடுங்கள். காம்பு தானாக உதிர்ந்து கணு தடித்து நிற்கும்போது 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளத்தில் வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, அன்றே பயன்படுத்துங்கள். துளிரின் தலையை வெட்டி நடுவில் 3 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பிளக்கவும். குச்சியின் அடியை இருபுறமும் ஆப்புப்போலச் சீவிச் செருகவும். ஒரு பக்கமாவது பட்டையோடு பட்டை சரியாகப் பொருந்த வேண்டும். கனம் ஒத்துவராதபோது நடுவில் செருகுவது அழகாகத் தெரியும், ஆனால் ஒட்டாது. ஓரமாகத் தள்ளிப் பொருத்துங்கள். ஒட்டு நாடாவால் இறுக்கமாகக் கட்டி, குச்சி ஐஸ் போடும் நீள பிளாஸ்டிக் உறையைத் தலையில் கவிழ்த்து அடியில் கட்டுங்கள்.

மூன்று வாரத்தில் உறைக்குள் பச்சை தெரியும். ஆசையில் உடனே கழற்றாதீர்கள். இரண்டு இலை விரிந்த பிறகு, ஒரு மாலை நேரத்தில் எடுங்கள். நாடாவை இரண்டு மாதம் கழித்து அறுக்க வேண்டும். மறந்தால் கயிறு கட்டிய கழுத்துப்போல அந்த இடம் இறுகி, பின்னால் ஆடிக் காற்றில் அங்கேதான் ஒடியும். விட்டுவைத்த பழைய கிளையை அடுத்த ஆவணியில் எடுத்துவிடலாம். ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்களை மாதம் ஒருமுறை கிள்ளுவது விடாத வேலை. அதை விட்டால் இரண்டு வருடத்தில் மறுபடி மஞ்சள் சதைதான்.

எங்கள் மரம் அசல் முள்சீத்தாதான், சதை வெள்ளை. மரம் நிறையப் பூக்கிறது. ஆனால் வருடத்துக்கு நாலு காய்க்கு மேல் நிற்பதில்லை. நிற்பதும் ஒரு பக்கம் ஒடுங்கிக் கோணலாக இருக்கிறது. என்ன உரம் போடலாம்?
வாசகர், அலங்காநல்லூர்

உரப் பிரச்சினை இல்லை, மகரந்தப் பிரச்சினை. பழம் கோணலாக இருப்பதே அதற்குச் சாட்சி. சீத்தா இனத்துப் பழம் ஒன்று என்பது உண்மையில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு சூல்கள் ஒட்டிச் சேர்ந்தது. மகரந்தம் விழுந்த பக்கம் பருக்கிறது, விழாத பக்கம் ஒடுங்கிவிடுகிறது.

இந்தப் பூவில் பெண் பாகம் முதலில் பக்குவமாகும். ஆண் பாகம் பிறகுதான். மகரந்தம் கொட்டும் நேரத்தில் அதே பூவின் சூல்முடி காய்ந்துபோயிருக்கும். இரண்டுக்கும் நடுவில் தூது போக வேண்டியவை சிறு வண்டுகள். அவை இங்கே போதுமான அளவு இல்லை. போதாக்குறைக்கு மதுரையின் சித்திரை, வைகாசி வெயிலில் சூல்முடியின் ஈரம் காலை பத்து மணிக்குள் உலர்ந்துவிடும். கையால் சேர்ப்பதுதான் வழி. ஒரு மரத்துக்கு ஒரு காலையில் கால் மணி நேரம் போதும்.

பூவைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வெளி இதழ் மூன்றும் தடித்த தோல்போல முக்கோணக் கூம்பாக மூடியிருக்கும். நுனியில் லேசாக விரிசல் விட்டு, விரலால் இதழை ஒதுக்கிப் பார்த்தால் நடுவில் உள்ள மேடு தேன் தடவியதுபோல ஈரமாக மின்னினால் அது பெண் நிலை. இதழ்கள் நன்றாக விரிந்து, அடியில் சுற்றியிருக்கும் மகரந்தத் தாள்கள் வெளிறி, தட்டினால் மாவு கொட்டினால் அது ஆண் நிலை.

மாலையில், நன்றாக விரிந்து மறுநாள் மகரந்தம் கொட்டப்போகும் பூக்களைப் பறித்து ஒரு காகிதப் பையில் போட்டு வீட்டுக்குள் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். வியர்த்துத் தூள் பிசினாகிவிடும். காலையில் பையைக் கிண்ணத்தில் தட்டினால் வெண்ணிறத் தூளும் தாள்களுமாக விழும். ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள், சின்ன ஓவியத் தூரிகையால் அந்தத் தூளைத் தொட்டு, பெண் நிலைப் பூவின் இதழை ஒதுக்கி, நடு மேட்டைச் சுற்றிலும் இரண்டு சுற்றுத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் தொட்டுவிட்டு வந்தால் மறுபடி கோணல் பழம்தான் வரும். தடவிய பூவுக்கு ஒரு நூல் கட்டி அடையாளம் வையுங்கள்.

தடிமனான கிளைகளிலும் அடிமரத்திலும் வரும் பூக்களைத் தேர்ந்தெடுங்கள். சுள்ளி நுனியில் பிடித்த பிஞ்சு கனம் தாங்காது. பிஞ்சு பிடித்த பின் சில வாரம் ஒன்றும் நடக்காததுபோல அப்படியே நிற்கும். உதிரவில்லை என்றால் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளுங்கள். பூவிலிருந்து பழத்துக்கு ஐந்தாறு மாதம் ஆகும். எலுமிச்சை அளவு வந்ததும் வலைப்பை கட்டினால் துளைப்பான் புழுவிலிருந்து தப்பும். கரும்பச்சை வெளுத்து, முள்ளுக்கு நடுவில் லேசாக மஞ்சள் ஓடும்போது கெட்டியாகவே பறித்துவிடுங்கள். வீட்டில் நாலைந்து நாளில் கனியும். மரத்திலேயே கனியவிட்டால் விழுந்து சிதறும்.

உரம் கேட்டீர்களே, அதையும் சொல்லிவிடுகிறோம். வளர்ந்த மரத்துக்கு வருடம் 20 கிலோ மக்கிய தொழு உரம், 1 கிலோ வேப்பம் புண்ணாக்கு. பாதியை ஆடியிலும் பாதியைக் கார்த்திகையிலும் போடலாம். இந்த ஊரில் அதைவிட முக்கியம் மூடாக்கு. தென்னை மட்டை, கரும்புச் சோகை எது கிடைத்தாலும் அரையடி கனத்துக்கு, அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளிப் பரப்புங்கள். அலங்காநல்லூரில் சோகைக்குப் பஞ்சமில்லை.

ராம்சீதா மரம் தை மாதத்திலிருந்து இலை கொட்டி, மாசியில் மொட்டையாக நிற்கிறது. பட்டுவிட்டதா?
வாசகர், உசிலம்பட்டி

நகத்தால் கிளைப் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிரோடு இருக்கிறது. ராம்சீதாவும் சாதாரணச் சீத்தாவும் இலையுதிர்க்கும் மரங்கள். இந்த மூன்றில் முள்சீத்தா மட்டுமே வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும். மொட்டையாக நிற்கும்போது தண்ணீரைக் கொட்டாதீர்கள். தூங்குகிற மரத்தின் வேர் அழுகும். துளிர் விட்ட பிறகு ஆரம்பியுங்கள். வேறொரு வாசகர், ராம்சீதாவையும் சீத்தாவையும் எப்படிப் பிரிப்பது என்று ஒரு வரி எழுதியிருந்தார். சீத்தாவின் தோல் தனித்தனிக் கண்களாகப் பிளந்து நிற்கும். ராம்சீதாவின் தோல் வழவழப்பாக, மேலே ஐங்கோணக் கோலம் மட்டும் போட்டதுபோல இருக்கும். பழுத்தால் செம்பழுப்பு. இலையும் ராம்சீதாவுக்கு நீளம்.

முள்சீத்தா ஒட்டுக்கன்று வாங்கி நட்டேன். முதல் இரண்டு வருடம் நன்றாக வந்தது. மூன்றாம் வருடம் இலை மஞ்சளடித்துக் காய்ந்துவிட்டது. ஒட்டுக்குக் கீழே மட்டும் துளிர்க்கிறது. அந்த இலை சின்னதாக, வெளிர்பச்சையாக இருக்கிறது.
வாசகர், நத்தம்

கீழே துளிர்ப்பது சீத்தா. சுற்றியுள்ள குன்றுகளில் சும்மா கிடைக்கும் விதை என்பதால் சீத்தா நாற்றில் முள்சீத்தாவை ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டு பிடிக்கும், வளரும், பூக்கவும் செய்யும். ஆனால் இந்த ஜோடி நீண்ட நாள் வாழாது. ஒட்டு மேட்டில் வீக்கம், அதற்கு மேலே இலை வெளுப்பு, பிறகு ஒரு கோடையில் திடீரென்று சருகு. உரமோ மருந்தோ இதைக் காப்பாற்றாது.

இதன் மறுதலை வேலை செய்யும் என்பது வேடிக்கை. முள்சீத்தா வேரில் சீத்தாவை ஒட்டினால் நன்றாகவே நிற்கும். முள்சீத்தாவுக்கு வேர்ச்செடியாக முள்சீத்தா விதை நாற்று, காட்டு முள்சீத்தா, ராம்சீதா ஆகியவை சரி. குளச்சீத்தாவும் (அன்னோனா கிளாப்ரா) ஒத்துப்போகும், மரம் குட்டையாக வரும். கன்று வாங்கும்போது ஒட்டுக்குக் கீழே ஒரு சின்னத் துளிராவது இருந்தால் அதன் இலையைப் பாருங்கள். இல்லையென்றால் வேர்ச்செடி எது என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் ஒட்டுக்கன்று வாங்குவதைவிட நம்பகமான பழத்திலிருந்து விதை போடுவது மேல். விதை 15 முதல் 30 நாளில் முளைக்கும். மூன்றிலிருந்து ஐந்து வருடத்தில் காய்க்கும்.

உங்கள் மரத்தை என்ன செய்வது? கீழே வரும் துளிரில் நல்ல சீத்தா ரகத்தை ஒட்டிவிடுங்கள். அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.பி.கே. 1 நம் மானாவாரிக்கு என்றே தேர்ந்தெடுத்த ரகம். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சஹன் பெரிய பழம், விதை குறைவு. ஆனால் அதற்குக் கையால் மகரந்தம் சேர்த்தால்தான் காய்ப்பு.

சீத்தா மரத்தில் பிஞ்சுகள் கறுத்து, கல்லுபோலக் கெட்டியாகி, உதிராமல் அப்படியே தொங்குகின்றன. வெள்ளைப் பஞ்சுபோல ஏதோ ஒட்டியும் இருக்கிறது. கரிசல் நிலம்.
வாசகர், திருமங்கலம்

இரண்டு தனித்தனிக் கோளாறுகளை ஒன்றாகப் பார்க்கிறீர்கள். கல்லுக்காய் ஆவது வறட்சியாலும் போட்டியாலும். கோடையில் பிடித்த பிஞ்சு ஈரமில்லாமல் வளராமல் நின்றுவிடும். மழைக்குப் பின் பிடித்த புதுப் பிஞ்சுகள் சத்தை இழுத்துக்கொள்ளும். முன்னது கறுத்துக் கல்லாகும். கண்டதும் பறித்துத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள். பூஞ்சணத்துக்கு அதுதான் குடியிருப்பு. பூக்கும் காலத்தில் வாரம் ஒரு தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலும் குறையும். கரிசலில் அளவு முக்கியம். வெடித்துக் கிடக்கும் நிலத்தில் திடீரென்று தேக்கினால் பிஞ்சு மொத்தமும் கொட்டும். புதுக்கன்று நடுவதாக இருந்தால் குழிக்குள் வைக்காமல் ஒன்றரையடி மேடு கட்டி அதன்மேல் வையுங்கள்.

வெள்ளைப் பஞ்சு மாவுப்பூச்சி. அதை அடிப்பதற்கு முன் எறும்பை நிறுத்துங்கள். எறும்புதான் தேன்கழிவுக்காக அதைத் தூக்கிச் சுமந்து, எதிரிப் பூச்சிகளை விரட்டிக் காவல் காக்கிறது. அடிமரத்தில் ஓரடி அகல பிளாஸ்டிக் தாளை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டைமேல் நேரடியாகத் தடவக் கூடாது. தரையைத் தொடும் கிளைகளையும் பக்கத்து மரத்தோடு உரசும் கிளைகளையும் வெட்டுங்கள், இல்லையென்றால் எறும்பு அந்தப் பாலத்தில் ஏறும். பிறகு 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு. மாலையில், பழக் கண்களின் இடுக்கு நனையும்படி, பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. பாதிப்பு தோப்பு அளவில் இருந்தால் கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டை மரத்துக்குப் பத்து வீதம் விடலாம். வண்டு விட்ட தோட்டத்தில் மருந்து தெளிக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை, ஆனாலும் தெளித்துவிட்டுத்தான் கேட்கிறார்கள்.

‘வெள்ளை நாவல்’ என்று வைத்த கன்று மூன்றாம் வருடமே பெரிய பெரிய வெள்ளைப் பூ விட்டிருக்கிறது. நாவல் இவ்வளவு சீக்கிரம் பூக்குமா?
வாசகி, அழகர்கோவில்

விதை நாவல் பூக்க எட்டுப் பத்து வருடமாகும், ஒட்டு நாவலுக்கே நாலைந்து வேண்டும். மூன்று வருடத்தில் பூத்ததும், பூ பெரிதாகப் பஞ்சுருண்டைபோல இருப்பதும் சேர்ந்து இது நாவல் இல்லை என்கின்றன. நாவல் பூ பொடிப்பொடியாக, கொத்தாக, இலை உதிர்ந்த பழைய கிளையில் வரும். அதன் இலையைக் கசக்கினால் டர்பன்டைன் வாசம் அடிக்கும். இலைக்காம்பு விரற்கடை நீளம் இருக்கும்.

இரண்டு சாத்தியங்கள். இலை குறுகி ஈட்டிபோல நீண்டிருந்தால் பன்னீர் நாவல். பழம் வெளிர்மஞ்சளாக, பன்னீர் வாசத்தோடு, உள்ளே கூடாக இருக்கும். காதோரம் குலுக்கினால் விதை கடகடவென்று ஆடும். இலை அகலமாக, அடிப்பக்கம் இதயம்போல வளைந்து, காம்பே இல்லாததுபோலக் கிளையோடு ஒட்டியிருந்தால் வாட்டர் ஆப்பிள். மணி வடிவப் பழம், வெள்ளை ரகமும் அதில் உண்டு. அதனால்தான் பெயர் குழம்பியிருக்கும். கடிதத்தில் இலையை ஒட்டி அனுப்பியிருந்தால் முடிவாகவே சொல்லியிருப்போம். இரண்டுக்கும் தண்ணீர் வேண்டும். கம்மாய்க் கரை, கிணற்று வாய்க்கால் ஓரம் என்றால் சுகம், மேட்டாங்காடு என்றால் பூவெல்லாம் கொட்டும்.

அசல் வெள்ளை நாவல் வேண்டுமென்றால், பழுத்த பின்னும் வெளிர்பச்சையாக நின்று, தின்றால் நாக்கில் சாயம் பிடிக்காத பழத்திலிருந்து விதை எடுங்கள். நாவல் விதை ஒன்றிலிருந்து இரண்டு மூன்று முளை வருவது வழக்கம். அவற்றில் பெரும்பாலானவை தாய் மரத்தையே உரித்துவைத்தவை. விதையைக் காயப்போட்டு எடுத்துவைக்காதீர்கள், இரண்டு வாரத்தில் உயிர் போய்விடும்.

மாடியில் பெரிய டிரம்மில் முட்டைப் பழ மரம் வைத்திருக்கிறோம். மஞ்சளானதும் பறித்துச் சாப்பிட்டால் வாயெல்லாம் பிசின் ஒட்டுகிறது, மாவு மாவாக இருக்கிறது. ரகம் சரியில்லையா?
வாசகி, கே.கே. நகர், மதுரை

ரகத்தைக் குறை சொல்ல முடியாது, அவசரம்தான் காரணம். முட்டைப் பழம் சப்போட்டா குடும்பம், காயில் பால் உண்டு. வெளுத்த மஞ்சளில் பறித்தால் பிசின்தான். தோல் முழுக்க ஆரஞ்சு கலந்த மஞ்சளுக்கு வந்து, காம்பு ஓரத்திலும் பச்சை மறைந்த பிறகு பறியுங்கள். அரிசிப் பானைக்குள் மூன்றிலிருந்து பத்து நாள் வரை கிடக்கட்டும். அழுத்தினால் விரல் பதியும்போது சாப்பிடலாம். மாவுத்தன்மை மட்டும் போகாது. அவித்த முட்டையின் மஞ்சள் கருபோல இருப்பதால்தானே அந்தப் பெயர். பாலோடு, கொஞ்சம் ஏலக்காய் தட்டி அடித்தால் அந்த மாவே பலமாகிவிடும்.

மெக்சிகோ பக்கத்து மரம் இது. சுண்ணாம்பு மண்ணும் வறட்சியும் அதற்குப் பழக்கம். மதுரைச் சுக்கான் நிலத்துக்கும் உப்புக் கலந்த போர் தண்ணீருக்கும் முள்சீத்தாவைவிட இது பொருந்தும் என்பது எங்கள் அபிப்பிராயம். விதை போட்டால் முளைக்கவே இல்லை என்று பலர் எழுதுகிறார்கள். பழத்திலிருந்து எடுத்த சில நாளுக்குள் போட வேண்டும். பளபளப்பான கெட்டி ஓட்டை மெதுவாகத் தட்டி உடைத்து, உள்ளே இருக்கும் பருப்பு அடிபடாமல் எடுத்து ஊன்றினால் இரண்டு வாரத்தில் முளைக்கும். ஓட்டோடு போட்டால் மூன்றிலிருந்து ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறார்கள்.

முள்சீத்தா இலைக் கஷாயம் தினமும் குடித்தால் புற்றுநோய் வராது என்கிறார்கள். எத்தனை இலை போட வேண்டும்?
வாசகர், வாடிப்பட்டி

ஒன்றுகூட வேண்டாம். சோதனைக்குழாயில் வளர்த்த செல்களைக் கொன்றது என்பதை வைத்து வந்த பேச்சு இது. மனிதருக்குப் புற்றைக் குணப்படுத்தும் என்றோ தடுக்கும் என்றோ நிரூபிக்கப்படவில்லை. மறுபக்கம், இந்த மரத்தின் இலை, விதை, பழம் மூன்றிலும் அன்னோனாசின் என்ற பொருள் இருக்கிறது. அது நரம்புச் செல்லைக் கெடுக்கக்கூடியது. கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவில் நடுக்குவாதம்போன்ற, ஆனால் வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத நோய் அதிகமாக இருப்பதையும், முள்சீத்தாப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் தொடர்ந்து உட்கொள்வதோடு அதற்குத் தொடர்பு தெரிவதையும் 1999-ல் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். பருவத்தில் எப்போதாவது பழம் சாப்பிடுவதையும் தினம் ஒரு டம்ளர் கஷாயத்தையும் ஒன்றாக எண்ண வேண்டாம். சிகிச்சையில் இருப்பவர் வீட்டில் யாராவது இதைக் காய்ச்சிக் கொடுத்தால், மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

பேனுக்குச் சீத்தா விதையை அரைத்துத் தலையில் தேய்க்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். குழந்தைகளுக்குத்தான் அதிகம் நடக்கிறது.

மங்குஸ்தான் மதுரையில் வருமா?
வாசகர், திருப்பரங்குன்றம்

வராது. நிழல்வலை, தெளிப்பான் எல்லாம் வைத்து நாற்றைச் சில வருடம் உயிரோடு வைத்திருக்கலாம். 40 டிகிரியைத் தாண்டும் வெயிலும் காய்ந்த மேல்காற்றும் அதன் இலை விளிம்பைக் கருக்கிவிடும். காய்ப்பைப் பார்க்க முடியாது. குற்றாலத்திலும் கல்லாறு, பர்லியாறு அரசுப் பழப்பண்ணைகளிலும் அது காய்ப்பதற்குக் காரணம் மலையடிவார ஈரம், அதைப் போர்வெல்லால் கொண்டுவர முடியாது. அந்தக் குழியை வெட்டி முடித்துவிட்டீர்கள் என்றால் முட்டைப் பழத்தை வையுங்கள்.